இந்த முறை சொல்லப் புதிதாக என்ன இருக்கிறது?

நாலு பேர் இரண்டு ஜோடியாக ஆடும் பிரிட்ஜ் சீட்டாட்டம் கற்றுக்கொள்ள வருகிறவர் முதலில் பழகுவது புள்ளி எண்ணத்தான். ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1. சீட்டுக்கட்டு முழுக்க 40. ஜோடியின் இரண்டு கையிலும் சேர்த்து 25, 26 இருந்தால் கேம் (பெரிய போனஸ் கிடைக்கிற அளவு), 33 இருந்தால் சின்ன ஸ்லாம் (13 ட்ரிக்கில் 12; நாலு பேரும் ஒவ்வொரு சீட்டு போடுகிற சுற்றுதான் ட்ரிக்), 37 இருந்தால் பெரிய ஸ்லாம் (13-ம்). மில்டன் வொர்க் பெயரில் வழங்கும் இந்தக் கணக்கைப் பரவலாகக் கொண்டுபோனவர் சார்லஸ் கோரன். நல்ல கணக்குதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல வருஷம் ஆடியும் ஏலத்தில், அதாவது எந்தத் துருப்பில் எத்தனை ட்ரிக் எடுப்போம் என்று முறை வைத்துக் கேட்பதில், தடுமாறுகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது வேறு. எண்ணத் தெரியாமல் யாரும் தடுமாறுவதில்லை. எண்ணி முடித்ததோடு கையின் மதிப்பு முடிவாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 12 என்று எண்ணியவர் ஏலம் முடிகிறவரை அந்த 12-ஐயே பிடித்துக்கொண்டிருப்பார். நடுவில் மூன்று பேர் ஏதேதோ கேட்டிருப்பார்கள். அவர் கையை அது தொட்டே இருக்காது.

என் பார்ட்னர் என்னைவிட மூத்தவர், இந்த ஆட்டத்தில் ரொம்பக் காலம் ஊறியவர். ஒரு கை முடிந்ததும் எத்தனை புள்ளி வைத்திருந்தேன் என்று அவர் விசாரித்ததே இல்லை. "ரெண்டாவது தடவை கேட்டீங்களே, அதுல எனக்குப் புதுசா என்ன சொன்னீங்க?" என்பார். குற்றம் சாட்டுகிற தொனி இருக்காது. பதில் வேண்டும், அவ்வளவுதான். "நாலாவது துருப்பு சார்" என்று சொல்ல முடிந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த போர்டை (அடுத்த ஆட்டத்துக்குப் பிரித்து வைத்த சீட்டை) எடுப்பார். சொல்ல முடியாவிட்டால் ஒன்றும் பேசாமல் எடுப்பார். நாளடைவில், சீட்டு கையில் இருக்கும்போதே அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

கை எப்படி மாறுகிறது என்பதை ஒரு உதாரணத்தில் பார்த்துவிடலாம். ஸ்பேடில் குயின், 10, 6. ஹார்ட்டில் கிங், 8, 3. டயமண்டில் 9, 5. கிளப்பில் ஏஸ், ஜாக், 7, 4, 2. மொத்தம் 10 புள்ளி. பார்ட்னர் ஒரு ஸ்பேட் என்று திறக்கிறார், அதாவது ஸ்பேட் துருப்பாக ஆறுக்கு மேல் ஒன்று, ஏழு ட்ரிக். எனக்கு வலப்பக்கம் இருப்பவர் இரண்டு ஹார்ட் என்று குறுக்கே வருகிறார். ஹார்ட்டின் பெரிய சீட்டெல்லாம் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும். அவர் போட்ட பிறகுதான் என் கையிலிருந்து சீட்டு விழும், ஆகவே என் கிங் ஏறக்குறைய ஒரு ட்ரிக். இங்கே நான் மூன்று ஹார்ட் கேட்பேன். எதிராளியின் சூட்டையே (சீட்டு இனத்தையே) கேட்பது, ஸ்பேடில் துணை இருக்கிறது, கேமுக்கு அழைக்கிற அளவு பலமும் இருக்கிறது என்று பார்ட்னருக்குச் சொல்கிற வழி.

இதே 13 சீட்டை வைத்துக்கொண்டு ஏலத்தை மட்டும் மாற்றுங்கள். இடப்பக்கம் இருப்பவர் ஒரு ஹார்ட் என்று திறக்கிறார், பார்ட்னர் ஒரு ஸ்பேட், வலப்பக்கம் பாஸ். இப்போது ஹார்ட் ஏஸ் என் கிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. 10 என்று எண்ணியதில் 3 பெரும்பாலும் காற்றோடு போயிற்று. அதோடு, குறுக்கே வருகிற பார்ட்னரிடம், திறக்கிற பார்ட்னரிடம் இருக்க வேண்டிய பலம் இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஸ்பேடோடு நிறுத்திக்கொள்வேன். ஒரு சீட்டுகூட மாறவில்லை. உட்கார்ந்திருக்கும் இடம் மாறியது, கேள்வியும் மாறிவிட்டது.

சின்னச் சீட்டுகளுக்கும் இது பொருந்தும். எதிராளிகள் இருவருமே ஹார்ட் கேட்டு, அவர்களிடம் எட்டு ஹார்ட்டாவது இருக்கிறது என்று தெரிகிறபோது, என் கையில் உருப்படாத நாலு ஹார்ட் இருந்தால் பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கோ அது தங்கம். 8 அவர்களிடம், 4 என்னிடம் என்றால் பார்ட்னரிடம் மிஞ்சிப்போனால் ஒன்று. என் புள்ளிகள் முழுவதும் மற்ற மூன்று சூட்டில் வேலை செய்யப்போகின்றன. இரண்டு சின்ன ஹார்ட்தான் பயமுறுத்தும். பார்ட்னரிடமும் இரண்டு மூன்று இருந்துவிட்டால் ஆரம்பத்திலேயே இரண்டு ட்ரிக் போய்விடும். குயினும் ஜாக்கும் எதிராளியின் சூட்டில் ஒண்டிக்கொண்டிருந்தால், நம் ஏலத்துக்கு அவற்றை நான் எண்ணுவதே இல்லை. அவை தடுப்பாட்டத்துக்கு உதவும் சீட்டுகள்.

அடுத்தது, பார்ட்னர் உதவி கேட்கிற ஏலம். அவர் ஒரு ஹார்ட், நான் இரண்டு ஹார்ட், அவர் மூன்று டயமண்ட். கேம் கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன், டயமண்டில் எனக்கு ஒத்தாசை வேண்டும் என்று பொருள். "அதிகபட்சம் இருக்கிறதா" என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இப்படி ஒரு கை: ஸ்பேடில் குயின், ஜாக், 4, ஹார்ட்டில் கிங், 10, 5, டயமண்டில் 8, 6, 3, கிளப்பில் ஜாக், 9, 7, 2. ஏழு புள்ளி. இன்னொன்று: ஸ்பேடில் 9, 7, 4, ஹார்ட்டில் கிங், 10, 5, டயமண்டில் கிங், 6, கிளப்பில் ஜாக், 8, 6, 3, 2. இதுவும் ஏழுதான். முதல் கையில் மூன்று ஹார்ட் என்று சொல்லி ஒதுங்குவேன். டயமண்டில் மூன்று ட்ரிக்கும் ஓட்டை, ஸ்பேட் குயினும் ஜாக்கும் அவருக்கு எந்த மூலைக்கு உதவும் என்று தெரியாது. இரண்டாவது கையில் யோசனையே இல்லாமல் நாலு ஹார்ட். அவர் கேட்ட இடத்தில் கிங் இருக்கிறது, மூன்றாவது டயமண்டைத் துருப்பால் வெட்டவும் முடியும்.

நாலு கேட்டு ஒன்று குறைந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பயத்தைக் கணக்கில் போட்டுப் பார்த்தால் பாதி போய்விடும். டீம் ஆட்டம் (ஒரே சீட்டை இரண்டு மேஜையில் ஆடி ஒப்பிடுவது), நாம் வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடுகிற நிலை) என்று வையுங்கள். நாலு ஹார்ட் கேட்டுச் செய்தால் 620. மறு மேஜையில் நம் எதிராளிகள் கேம் கேட்காமல் நின்றிருந்தால் அவர்களுக்கு 170. வித்தியாசம் 450, அதாவது 10 ஐஎம்பி (வித்தியாசத்தைச் சுருக்கிப் போடும் டீம் புள்ளி) நமக்கு. ஒன்று குறைந்தால் நமக்கு மைனஸ் 100, அவர்களுக்கு 140. வித்தியாசம் 240, 6 ஐஎம்பி போயிற்று. பத்தை ஜெயிக்க ஆறைப் பணயம் வைக்கிறோம். 16-ல் 6, அதாவது 37.5 சதவீதம் வாய்ப்பு இருந்தாலே கேம் கேட்பது கட்டுப்படியாகும். வல்னரபிள் இல்லாவிட்டால் 420-க்கும் 170-க்கும் வித்தியாசம் 250, அது 6 ஐஎம்பி. தோற்றால் 190, அது 5. இங்கே 45 சதவீதம் தேவை. ஜோடி ஆட்டத்தில், மேட்ச்பாயின்ட் கணக்கில், எவ்வளவு வித்தியாசம் என்பது பொருட்டே இல்லை. யார் முன்னால் என்பதுதான். அதனால் அங்கே பாதிக்குப் பாதி வேண்டும். டீம் ஆட்டத்திலிருந்து ஜோடி ஆட்டத்துக்கு வருகிறபோது இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளாமல் அவதிப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாய்ப்பை மதிப்பிட நாலைந்து எண் மனப்பாடமாக இருந்தால் போதும். ஒரு ஃபினெஸ் (எதிராளியின் பெரிய சீட்டு நமக்குச் சாதகமான பக்கம் இருக்கும் என்று நம்பி ஆடுவது) 50 சதவீதம். வெளியே ஐந்து துருப்பு இருந்தால் அவை 3-2 ஆகப் பிரிய 68. வெளியே ஆறு சீட்டு 3-3 ஆகப் பிரிய 36. இரண்டும் நடந்தாக வேண்டும் என்றால் பெருக்க வேண்டும்: 3-3 பிரியவும் வேண்டும், ஃபினெஸும் ஓட வேண்டும் என்றால் 18 சதவீதம். அப்படிப்பட்ட மூன்று நோ ட்ரம்பை (துருப்பே இல்லாத ஆட்டத்தை) யாராவது செய்துவிட்டால், "நீங்க கேட்டிருக்கணும்" என்று மேஜையே நம்மைப் பார்க்கும். கேட்காமல் இருந்ததுதான் சரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் அடிப்படை 1925-ல் ஹெரால்ட் வான்டர்பில்ட் எழுதிய ஸ்கோர் கணக்கு. அதற்கு முந்தைய ஆக்ஷன் பிரிட்ஜில் கேட்காமல் எடுத்த ட்ரிக்கும் கேமுக்குச் சேரும். நாம் இன்று ஆடும் கான்ட்ராக்ட் பிரிட்ஜில் கேட்டு எடுத்தால்தான் சேரும். ஏலத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்தது அதனால்தான்.

யார் முடிவெடுப்பது என்பது தனி விஷயம். ஒரு நோ ட்ரம்ப் திறந்தவர் தன் கையை ஏறக்குறைய முழுக்கச் சொல்லிவிட்டார்: 15 முதல் 17, எல்லா சூட்டிலும் பரவலான கை. அந்த நிமிஷத்திலிருந்து பார்ட்னர்தான் கேப்டன். அவர் மூன்று நோ ட்ரம்ப் என்று முடித்தால், திறந்தவர் தன்னிடம் முழு 17 இருக்கிறது, அழகான ஐந்து சீட்டு கிளப் இருக்கிறது என்று மேலே போகக் கூடாது. 17 இருக்கலாம் என்று கேப்டனுக்கு முன்பே தெரியும். அவரிடம் 16 இருந்திருந்தால் 33-ஐ எண்ணி நாலு நோ ட்ரம்ப் என்று அழைத்திருப்பார். அழைக்கவில்லை என்றால் இல்லை. நான் பார்த்ததில் அனுபவசாலிகளும் சறுக்குகிற இடம் இதுதான்: ஒரு தடவை சொன்ன பலத்தை, கை பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக இரண்டாவது தடவையும் சொல்வது. பார்ட்னருக்கு அது புதுப் பலமாகக் கேட்கும். ஐந்து ட்ரிக் என்று நம்பி அவர் கட்டியதில் பாதி ஏற்கெனவே எண்ணியதாக இருக்கும்.

முன்கூட்டித் தடுக்கிற ஏலத்தில் இந்த விதி இன்னும் கறார். பார்ட்னர் இரண்டு ஹார்ட் என்று பலவீனமாகத் திறக்கிறார், ஆறு ஹார்ட். என்னிடம் நாலு ஹார்ட், ஒற்றை ஸ்பேட், மற்றபடி சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நேராக நாலு ஹார்ட் கேட்பேன், அது ஓடுமா ஓடாதா என்ற கவலை இல்லாமல். எதிராளிக்கு ஸ்பேடில் எவ்வளவு போகலாம் என்று பேசிக்கொள்ள இடமே கொடுக்கக் கூடாது. அவர்கள் நாலு ஸ்பேட் கேட்டால் பாஸ். பார்ட்னரும் பாஸ். "பத்து துருப்பு இருக்கு, ஐந்து போகலாமே" என்று கை துறுதுறுக்கும். போகக் கூடாது. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

ஜான் ரெனே வேர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் 1960-களில் எழுதிய கருத்து அது. பிறகு லாரி கோஹன் அதைப் பிரபலமாக்கினார். இரண்டு ஜோடியும் தத்தம் சிறந்த துருப்பில் எடுக்கக்கூடிய ட்ரிக்குகளின் கூட்டுத்தொகை, இரண்டு ஜோடியின் துருப்பு எண்ணிக்கையின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமம். எல்லாக் கையிலும் துல்லியமாக வராது, சராசரிக்கு நன்றாகவே வரும். நடைமுறையில், நம்மிடம் ஒன்பது துருப்பு என்றால் மூன்றாம் மட்டம் (மூன்று என்று கேட்கிற ஏலம், 9 ட்ரிக்), பத்து என்றால் நாலாம் மட்டம் வரை தைரியமாகப் போகலாம்.

இரண்டு பக்கமும் வல்னரபிள் இல்லை, நம்மிடம் ஒன்பது ஸ்பேட், அவர்களிடம் எட்டு ஹார்ட். மொத்தம் 17. அவர்கள் மூன்று ஹார்ட் கேட்டிருக்கிறார்கள். நாம் மூன்று ஸ்பேட் கேட்டால்? அவர்களுக்கு 9 ட்ரிக் என்றால் நமக்கு 8. 140 கொடுப்பதற்குப் பதில் 50 கொடுக்கிறோம். அவர்களுக்கு 8 என்றால் நமக்கு 9. 50 வாங்குவதற்குப் பதில் 140 வாங்குகிறோம். எப்படிப் பார்த்தாலும் 90 மிச்சம், 3 ஐஎம்பி. இதே கணக்கை ஐந்தாம் மட்டத்தில் போடுங்கள். நம்மிடம் பத்து ஹார்ட், அவர்களிடம் ஒன்பது ஸ்பேட், மொத்தம் 19. நாலு ஸ்பேடுக்கு மேல் ஐந்து ஹார்ட் கேட்கிறோம், டபுள் (குறைந்தால் அபராதத்தையும் செய்தால் ஸ்கோரையும் கூட்டுகிற, எதிராளியின் சவால்) விழுகிறது. அவர்களுக்கு 10 என்றால் நமக்கு 9, இரண்டு குறைகிறது. 420-க்குப் பதில் 300, லாபம் 3 ஐஎம்பி. அவர்களுக்கு 9 என்றால் நமக்கு 10, ஒன்று குறைகிறது. 50 வாங்க வேண்டிய இடத்தில் 100 கொடுக்கிறோம், நஷ்டம் 4 ஐஎம்பி. மூன்றாம் மட்டத்தில் இரண்டு பக்கமும் லாபமாக இருந்தது, இங்கே சூதாட்டமாகிவிட்டது. ஐந்தாம் மட்டம் எதிராளியுடையது என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதன் பின்னால் இருப்பது இதுதான். அவர்கள் மட்டும் வல்னரபிள் என்றால் கதை வேறு. 620-க்கு எதிராக மூன்று குறைந்தாலும் 500-தான், அங்கே ஐந்து போவதை யோசிக்கலாம். அப்போதும் அவர்கள் நாலு ஸ்பேடைச் செய்தே தீருவார்கள் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும்.

அந்த நாலாவது துருப்பும் இந்த இடத்தில்தான் உதவும். பார்ட்னர் ஒரு ஸ்பேட், நான் இரண்டு ஸ்பேட், எதிராளி மூன்று ஹார்ட், பார்ட்னர் பாஸ், திரும்பி என்னிடம் வருகிறது. நான் இரண்டு ஸ்பேட் கேட்டபோது என் கையில் மூன்று ஸ்பேட் சீட்டு என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். மூன்றே இருந்தால் பாஸ், ஏழு புள்ளியோ ஒன்பதோ. நாலு இருந்தால் மூன்று ஸ்பேட் கேட்பேன். புள்ளி அதிகம் என்பதற்காக இல்லை, அவருக்குத் தெரியாத ஒரு சீட்டு என்னிடம் இருப்பதற்காக.

டபுள் விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சன், டீம் ஆட்டத்தில் மட்டும். வல்னரபிள் இல்லாத எதிராளி இரண்டு ஸ்பேட் கேட்டு, ஒன்று குறையும் போலத் தெரிகிறது. டபுள் போட்டுக் குறைந்தால் 50-க்குப் பதில் 100, 2 ஐஎம்பி கூடுதல். செய்துவிட்டால், நாம் டபுள் போட்டதாலேயே அது கேம் ஆகி 110-க்குப் பதில் 470. 360 வித்தியாசம், 8 ஐஎம்பி. இரண்டை வாங்க எட்டைக் கட்டுவதற்கு நல்ல காரணம் வேண்டும். போதாததற்கு, துருப்பு எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று ஆடுகிறவருக்கு டபுளே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு குறையும் என்று தோன்றினால் போடுவேன், இல்லாவிட்டால் மாட்டேன்.

யோசிக்கிற நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட நேரம் யோசித்துவிட்டு பாஸ் சொன்னால், பார்ட்னருக்கு ஒரு செய்தி போய்விடுகிறது: இவரிடம் ஏதோ இருக்கிறது. அந்தத் தயக்கம் சுட்டுகிற வழியில் போக அவருக்கு விதி அனுமதிப்பதில்லை. நியாயமான வேறு வழி இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். ஆக, நம் தயக்கம் அவர் கையைக் கட்டிப்போடுகிறது. நான் செய்வது, முறை வருவதற்கு முன்பே யோசித்து வைப்பது. ஒரு சூட் திறக்கும்போதே, பார்ட்னர் ஒரு ஸ்பேட் சொன்னால் அடுத்து என்ன என்று முடிவாகியிருக்கும். அடுத்த கேள்விக்கு வழியில்லாத கை என்றால் திறக்கிற சூட்டையே மாற்றிக்கொள்வேன். வலப்பக்கம் இருப்பவர் மூன்று ஸ்பேட் கேட்டால் என்ன, நாலு கேட்டால் என்ன என்பதையும் அவர் யோசிக்கிற நேரத்தில் முடித்துவிட்டால், அவர் கேட்டதும் அதே வேகத்தில் என் பதிலும் வரும்.

ஆட்டம் முடிந்ததும் கையில் கொடுக்கிற போர்டு விவரத் தாளில் எனக்கு நம்பிக்கை குறைவு. எந்த ஜோடிக்கு எந்தத் துருப்பில் எத்தனை ட்ரிக் என்று கணினி போட்டிருக்கும். 52 சீட்டையும் பார்த்துக்கொண்டு போட்ட கணக்கு அது; நமக்குத் தெரிந்தது 13-ம் நாலு பேர் கேட்டதும். அதைப் பார்த்து "ஆறு ஸ்பேட் இருந்திருக்கு, விட்டுட்டோம்" என்று வருந்துவதில் பிரயோஜனம் இல்லை. நானும் பார்ட்னரும் வைத்துக்கொண்ட வழக்கம் வேறு. சந்தேகமான ஏலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு கையை மட்டும் எழுதி, எங்களோடு ஆடாத நண்பர்களிடம் "இந்த இடத்தில் என்ன கேட்பீர்கள்" என்று கேட்போம். மறு கை என்ன, முடிவு என்ன என்று சொல்ல மாட்டோம். பலரும் ஒரே பதிலைச் சொன்னால் விவாதம் முடிந்தது, போர்டில் என்ன ஆகியிருந்தாலும் சரி. பதில்கள் சிதறினால் அது உண்மையிலேயே இரண்டு பக்கமும் போகக்கூடிய இடம், அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நாங்கள் அதிகம் வாதாடியது பாஸைப் பற்றி. நாம் பலத்தோடு நாலு ஹார்ட் கேட்டிருக்கிறோம், எதிராளி நாலு ஸ்பேட் என்று பறிக்க வருகிறார், என் முறை. நான் பாஸ் சொன்னால் அது "முடிந்தது" என்ற பாஸா, "டபுள் போடுங்கள் அல்லது ஐந்து ஹார்ட் கேளுங்கள், சும்மா விடக் கூடாது" என்ற கட்டாயப் பாஸா? நிறைய ஜோடிகள் இதைப் பேசிக்கொள்வதே இல்லை. மேஜையில் ஒருவர் ஒன்றை நினைக்க, மற்றவர் இன்னொன்றை நினைக்க, எதிராளி நாலு ஸ்பேடை டபுள் இல்லாமல் ஆடிவிட்டுப் போவார். எல்லாப் பாஸும் கட்டாயம் என்பது பார்ட்னரின் ஆரம்ப நிலை. எப்போதும் இல்லை என்பது என்னுடையது. கடைசியில் ஒத்துக்கொண்டது இது: இருவரில் ஒருவர் கேமுக்கு அழைக்க, மற்றவர் அதை ஏற்று, இரண்டு கை பலத்தோடு கேமுக்குப் போயிருந்தால், அல்லது ஆரம்பத்திலேயே கேம் வரை நிற்கக் கூடாது என்கிற ஏலம் ஒன்று நடந்திருந்தால், பாஸ் கட்டாயம். இடைப்பட்ட ஏலங்களை விட்டு நேரே நாலு ஹார்ட்டுக்குத் தாவி வந்ததென்றால், அது எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும், கட்டாயம் இல்லை. நாம் வல்னரபிள், அவர்கள் இல்லை என்ற நிலையில் தாவினால் என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அந்த நிலையில் வெறும் தடுப்புக்காக யாரும் தாவ மாட்டார்கள் என்பது அவர் வாதம். தாவுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்பது என் பதில்.